நோட் எங்கே முடிகிறது? மிடி எடிட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் உட்கார்ந்து பாட்டு செய்கிறவர்கள் கணினியில் பியானோ ரோலை, அதாவது நோட்டுகள் கோடுகளாகத் தெரியும் திரையைத் திறந்ததும் கை போவது நோட்டின் தலைப்பக்கம்தான். தாளத்தில் சரியாக விழுகிறதா என்று பார்ப்பார்கள், வெலாசிட்டியை (அழுத்தும் வலுவை) ஏற்றி இறக்குவார்கள். வால்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை பேஸ் கிடார் வாசிக்கும் நண்பரிடம் நான் புரோகிராம் செய்த ட்ராக்கைப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, இந்த ஆள் கம்பியிலிருந்து விரலை எடுக்கவே மாட்டாரா?" என்றார்.

கட்டையை அழுத்தினால் ஒரு செய்தி, விட்டால் இன்னொரு செய்தி. 1983இல் வந்த மிடியின், அதாவது ஒலியை விட்டு வாசிப்பை மட்டும் செய்திகளாகக் கடத்தும் முறையின், அடிப்படை இன்றைக்கும் இதுதான். இரண்டாவது செய்தி எப்போது போகிறது என்பதில்தான் வாசிப்பவரின் விரலும் வில்லும் மூச்சும் தெரியும். ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதற்குக் கர்நாடக இசையில் 'கார்வை' என்று தனிச்சொல்லே உண்டு. பியானோ ரோலில் அதே விஷயம் ஒரு கோட்டின் நீளமாகக் கிடப்பதால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை.

பேஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். மௌஸால் நோட் போட்டால் ஒவ்வொன்றும் கட்டத்தை முழுசாக நிரப்பிக்கொண்டு நிற்கும். ஒன்று முடியும் புள்ளியில் அடுத்தது தொடங்கும், நடுவில் ஒரு இழைகூட இடைவெளி இருக்காது. நிஜத்தில் விரல் தூக்கும்போது, கம்பி மாறும்போது, அதே கம்பியை மறுபடி தொடும்போது ஒலி கொஞ்சம் அறுபடும். டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பது, 90 என்றால் ஒரு பீட் சுமார் 667 மில்லிசெகண்ட், அரை பீட் 333. அந்த அரை பீட் நோட்டில் 40 மில்லிசெகண்டை வெட்டினாலே வரி மூச்சு விட ஆரம்பிக்கும். இன்னொன்றும் செய்து பாருங்கள். ஸ்னேர் டிரம்மின் அடி விழுவதற்குச் சற்று முன்னால் பேஸை நிறுத்துங்கள். ஸ்னேரின் சத்தத்தை ஏற்றாமலே அது எடுப்பாகக் கேட்கும். மிக்ஸிங்கில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் கிடைக்காத தெளிவு இப்படிக் கிடைத்ததுண்டு.

இதைப் படித்துவிட்டு எல்லா நோட்டையும் செலக்ட் செய்து 80 சதவீதமாகச் சுருக்கிவிடாதீர்கள். முன்பு எல்லாம் ஒரே நீளம், இப்போதும் எல்லாம் ஒரே நீளம், அவ்வளவுதான் வித்தியாசம். மனிதர் வாசித்த மாதிரி ஆக்குவதாகச் சொல்லும் 'ஹ்யூமனைஸ்' பட்டனைத் தட்டி நீளத்தைக் கண்டபடி கலைப்பதும் உதவாது. மனிதர் வாசிப்பில் வரும் ஏற்றத்தாழ்வு குருட்டாம்போக்கில் வருவதில்லை. வரியின் கடைசி நோட் நீளும், அழுத்தம் விழ வேண்டிய நோட்டுக்கு முந்தினது சுருங்கும், வேகமான இடத்தில் எல்லாம் குறுகும். காரணம் தெரிந்து பத்து நோட்டைத் திருத்துவது, காரணமில்லாமல் நூறு நோட்டைக் கலைப்பதைவிட மேல்.

ஸ்ட்ரிங்ஸில், அதாவது வில் வாத்தியங்களில், தவறு வேறு திசையில் நடக்கிறது. பெரும்பாலான மென்பொருள்களில் 'லீகேட்டோ' (ஒட்டி வாசிப்பது) என்றொரு கட்டளை உண்டு. எல்லா நோட்டையும் அடுத்த நோட்டின் தலை வரைக்கும் இழுத்து ஒட்டிவிடும். வயலின் என்றாலே இழுவை என்று நினைத்து மொத்த ட்ராக்குக்கும் இதைப் போட்டுவிடுவார்கள். ஆனால் வில் முடிவில்லாமல் நீள்வதில்லை. வாசிப்பவர் நாலு நோட்டை ஒரு வில்லில் வாசித்துத் திருப்புவார், திருப்பும் இடத்தில் சின்ன முறிவு இருக்கும். ஒரு வில்லுக்குள் வரும் நோட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏற வேண்டும், வில் திரும்பும் இடத்தில் விலக வேண்டும். லீகேட்டோ சாம்பிள்கள் (பதிவு செய்த ஒலிகள்) பெரும்பாலும் இந்த மேலேறலைப் பார்த்துத்தான் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு நழுவும் ஒலியை எடுத்துப் போடுகின்றன. வெறுமனே தொட்டுக்கொண்டு நின்றால் பல லைப்ரரிகள் (ஒலித் தொகுப்புகள்) அதைப் புது வில்லாகவே எடுத்துக்கொள்ளும். சாதாரண பேட்ச்சில் (தேர்ந்தெடுத்த வாத்திய ஒலியில்) அதே மேலேறலைத் தாராளமாக வைத்தால் இரண்டு ஸ்வரமும் சேர்ந்து ஒலித்துக் குழம்பும். ஆக, எந்த பேட்ச் என்று பார்க்காமல் நீளத்தில் கை வைக்கக் கூடாது.

ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து வந்தால் மேலேறலே ஆகாது. எந்த நோட் என்று காட்ட, கட்டையை விட்டதைச் சொல்லும் செய்தியில் கட்டையும் சேனலும்தான் இருக்கும். முதல் அடியா இரண்டாவது அடியா என்று அதற்குத் தெரியாது. அதனால் முதல் நோட்டின் முடிவு, அப்போதுதான் தொடங்கிய இரண்டாவது நோட்டையே நிறுத்திவிடும். பாட்டில் நடுநடுவே ஒரு நோட் காணாமல் போய்க் காரணம் புரியாமல் விழித்தால், முதலில் இதைப் பாருங்கள்.

ஸ்டக்காட்டோ (குறுக்கி வெட்டி வாசிப்பது) வேண்டும் என்று நீள்வில் பேட்ச்சின் நோட்டுகளை நறுக்குவதும் சகஜம். அந்தச் சாம்பிள் மெதுவாக எழும்பக்கூடியது, எழும்புவதற்குள் நாம் அதை முடித்துவிடுகிறோம். நறுக்கியதாகவும் கேட்காது, வாசித்ததாகவும் கேட்காது. ஸ்டக்காட்டோவுக்கென்று பதிவு செய்த பேட்ச் இருந்தால் அதற்கு மாறிவிடுவது நல்லது.

புல்லாங்குழலில் மூச்சு. எட்டு வரி இடைவிடாமல் ஊதும் மனிதரை நான் பார்த்ததில்லை. மூச்சுக்கு இடம் விடும்போது பலர் அடுத்த நோட்டைத் தள்ளிவைக்கிறார்கள், தாளம் தட்டுத் தடுமாறுகிறது. முந்தின நோட்டின் வாலிலிருந்துதான் நேரத்தைக் கடன் வாங்க வேண்டும். அடுத்தது தன் இடத்திலேயே இறங்கட்டும். கால் செகண்டாவது விடுங்கள். அந்த நீண்ட நோட்டைக் கத்தியால் அறுத்த மாதிரி முடிக்காமல், முடிவுக்கு முன்பே கன்ட்ரோலர் 11ஐ, அதாவது ஒலியின் அளவை ஏற்றி இறக்கும் எக்ஸ்பிரஷனை, கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

நம் ஊர்ப் பாட்டில் அதிகம் உறுத்துவது கமகம். தோடி ராகத்தின் காந்தாரத்தை ரி, க, ம என்று குட்டி நோட்டுகளாக வெட்டி அடுக்கினால் எவ்வளவு நீளம் மாற்றினாலும் அது ஆடாது, தட்டித் தட்டித்தான் கேட்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒலி புதிதாக எழும்புகிறதே! ஒரே நீள நோட்டைப் போட்டு பிட்ச் பெண்ட் வீலால், அதாவது சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரத்தால், ஆட்ட வேண்டும். வழக்கமாக வீலின் எல்லை மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம். சாதாரண காந்தாரத்திலிருந்து சுத்த ரிஷபமும் சுத்த மத்திமமும் சரியாக அந்தத் தூரத்தில்தான் இருக்கின்றன. நீளத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை உண்டு. நோட் முடிந்த கணமே வீலை நடுவுக்குக் கொண்டுவந்தால், இன்னும் அடங்காத மிச்ச ஒலியும் கூடவே வழுக்கும். அந்த வால் அடங்கும்வரை இடைவெளி விட்டு, அடுத்த நோட்டுக்குச் சற்று முன்னால் வீலைத் திருப்புங்கள்.

பியானோவில் நீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றால் பெடல் அழுந்தியிருக்கிறது. அந்தப் பெடலைச் சொல்லும் கன்ட்ரோலர் 64இன் மதிப்பு 64 அல்லது அதற்கு மேல் இருக்கும்வரை, கையை எடுத்தாலும் ஒலி நிற்காது. முதலில் பெடலைத் திருத்துங்கள். பியானிஸ்ட்டுகள் புது கார்டை (சேர்த்து அழுத்தும் ஸ்வரங்களை) அழுத்திய மறுகணம்தான் பெடலை மாற்றுவார்கள். அதற்குள் பழைய கார்டின் கட்டைகளை விட்டிருக்க வேண்டும். லீகேட்டோ கட்டளையால் இழுத்த நோட்டுகள் அங்கே எல்லை தாண்டிப் போய்க் குழப்பும்.

டிரம்ஸில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரும்பாலான டிரம் சாம்பிள்கள் அடித்தால் முழுசாக ஒலித்துவிட்டுத்தான் ஓயும், நோட்டின் நீளத்தைக் கண்டுகொள்வதில்லை.

அப்புறம், ரிவெர்பை (கூடத்தில் கேட்பது போன்ற எதிரொலியை) அணைத்துவிட்டு இடைவெளிகளைச் செதுக்காதீர்கள். தனியாகக் கேட்கும்போது கச்சிதமாக இருந்த 30 மில்லிசெகண்ட் இடைவெளி ரிவெர்பில் கரைந்தே போகும். ஏறக்குறைய கடைசியில் இருக்கப்போகும் அளவுக்கு அதைப் போட்டுக்கொண்டு, மற்ற ட்ராக்குகளையும் ஓடவிட்டு வெட்டுங்கள்.

இன்னொன்று, டெம்போ முடிவாகாமல் இந்த வேலையில் இறங்கவே இறங்காதீர்கள். மிடி நீளத்தை மில்லிசெகண்டில் வைப்பதில்லை, ஒரு பீட்டுக்கு இத்தனை டிக் என்ற கணக்கில் வைக்கிறது. 140இல் 90 மில்லிசெகண்டாகத் துள்ளிய நோட், 100க்கு இறக்கினால் 126 ஆகிச் சோம்பிவிடும். ஒருமுறை மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கச் செதுக்கி முடித்தேன். பாட வந்தவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணா, கொஞ்சம் மெதுவா இருந்தா நல்லா பாடுவேன்" என்றார்.