சின்ன கார்ல படுக்க ஒரு மேடை, அடியில சாமான் வைக்க இடம்: முதல்முறை செய்றவங்களுக்கு

ஹேட்ச்பேக் மாதிரி சின்ன கார்ல கால நீட்டிப் படுக்க முடியாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, தாராளமா முடியும், ஆனா மேடையோட உயரம்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணும்ங்கறத முதல்லயே மனசுல வச்சுக்கோங்க. கீழ நிறைய சாமான் வைக்கலாமேன்னு உயரமா தூக்கிட்டீங்கன்னா ராத்திரி புரண்டு படுக்கும்போது தோள் கூரையில இடிக்கும்.

அளவு எடுக்குறது

பின் சீட்டை மடக்குங்க, முன் சீட்டை எவ்வளவு முன்னால போகுமோ அவ்வளவு தள்ளுங்க. டிக்கி கதவை மூடிட்டு உள்ள இருந்து டேப் பிடிங்க, திறந்து வச்சு அளந்தா நீளம் தப்பா வரும். உங்க உயரத்தோட ஒரு 10 செ.மீ. கூட இருந்தா போதும். அகலத்தை ரெண்டு பக்க சக்கர மேட்டுக்கு நடுவுல எடுங்க, அங்கதான் ரொம்ப குறுகும்.

இப்போ மடக்கின சீட்டோட முதுகு எந்த உயரத்துல நிக்குதுன்னு பாருங்க. மேடை அதுக்கு மேல ஒரு விரல் அளவு இருந்தா போதும். பெரும்பாலான கார்ல டிக்கி தரை அதை விட கீழ இருக்கும், பின் சீட்ல உக்கார்றவங்க கால் வைக்கிற பள்ளம் இன்னும் கீழ இருக்கும், அந்த ரெண்டு பள்ளமும்தான் உங்க ஸ்டோரேஜ். படுக்குற உயரத்தை விட்டுக் கொடுக்காம கிடைக்கிற இடம் அது.

அட்டையில வெட்டிப் பாக்குறது

மரத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி பெரிய அட்டைப்பெட்டியை பிரிச்சு மேடை வடிவத்துக்கு வெட்டி உள்ள போட்டுப் பாருங்க. காரோட உள்பக்கம் எங்கயும் நேர்க்கோடு கிடையாது, வளைவெல்லாம் அட்டையில சரி பண்ணிட்டா ப்ளைவுட் வீணாகாது. இந்த வேலையில அவசரமே வேண்டாம்.

பலகையும் சட்டமும்

12 மி.மீ. ப்ளைவுட் போதும். எட்டுக்கு நாலு அடி முழு ஷீட்டே 20 கிலோ பக்கம் வரும், 18 மி.மீ.னா 30 கிலோவையே தாண்டும், சின்ன கார் இழுக்குற வெயிட்டையும் யோசிக்கணும்ல. மெல்லிசு பலகை வளையாம இருக்க அடியில 40 செ.மீ.க்கு ஒரு ரீப்பர் (சன்னமான மரச்சட்டம்) குடுங்க. ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடி அதை விட சன்னமான ட்ரில் பிட்டால ஓட்டை போட்டுக்கோங்க, இல்லன்னா ரீப்பர் ஓரம் பிளந்துடும். மூட்டுல வுட் க்ளூவும் சேர்த்து ஒரு நாள் காய விடுங்க.

மேடையை மூணு துண்டா வெட்டுங்க: டிக்கிக்கு ஒண்ணு, மடக்கின சீட்டுக்கு மேல ஒண்ணு, கால் பள்ளத்துக்கு மேல வர்ற மடக்குப் பலகை ஒண்ணு. மூணாவது துண்டை நீள கீல் போட்டு ரெண்டாவதோட சேர்த்துடுங்க, ஓட்டும்போது பின்னால மடிச்சுக்கலாம், படுக்கும்போது விரிச்சு பள்ளத்துல ஒரு மர முட்டுக்கால் நிறுத்திக்கலாம். வெறும் முன் சீட்டு மேல சாய்ச்சு வைக்காதீங்க, ஆள் வெயிட்டுக்கு நழுவும்.

டிராயர் எல்லாரும் ஆசைப்படுறது, ஆனா ரெயிலுக்கும் பெட்டிக்கும் போற இடமும் வெயிட்டும் சின்ன கார்ல கட்டுப்படியாகாது. டிக்கி பக்கத்தை திறந்தே விட்டு பிளாஸ்டிக் டப்பாவை இழுத்து எடுக்குற மாதிரி வச்சுக்கோங்க. அடிக்கடி தேவைப்படுறது டிக்கி ஓரமா இருக்கட்டும், மேடைப் பலகையைத் தூக்கி எடுக்குற சாமான் மெத்தையை நகர்த்தினாத்தான் கிடைக்கும். ஸ்டெப்னியும் ஜாக்கியும் எடுக்க வழி இருக்கணும்.

காரோட கட்டுறது

இதை விட்டுடாதீங்க. திடீர்னு பிரேக் போட்டா கட்டாத பலகை முன்னால பாஞ்சு வரும். டிக்கியில இருக்குற கொக்கிகள்ல ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி இறுக்குற பட்டை) போட்டு இறுக்குங்க. தரையில மட்டும் ட்ரில் போடவே போடாதீங்க, நிறைய கார்ல பின் சீட்டுக்கு அடியிலதான் பெட்ரோல் டேங்க், பிரேக் லைனும் அந்த வழியாத்தான் போகும். சீட் பெல்ட் போல்ட்டையும் கழட்ட வேண்டாம்.

கடைசி வேலை

உப்புத்தாள் போட்டு ஓரமெல்லாம் வழவழன்னு தேய்ச்சு வார்னிஷ் அடிங்க, வாசனை முழுசா போன பிறகு படுங்க. 5 செ.மீ. ஃபோமை பலகை மாதிரியே மூணு துண்டா வெட்டினா மடக்க சுலபம்.

படுக்கும்போது ரெண்டு பக்க கண்ணாடியையும் கொஞ்சம் இறக்கி விடுங்க, இல்லன்னா மூச்சுக் காத்துல இருக்குற ஈரம் கண்ணாடியில படிஞ்சு மெத்தையெல்லாம் நனைஞ்சுடும். இன்ஜினை ஓட விட்டுட்டு தூங்குறது, உள்ள அடுப்பு பத்த வைக்கிறது ரெண்டும் கூடவே கூடாது, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது. காலையில கிளம்புறதுக்கு முன்னாடி மடக்குப் பலகையை மடிச்சு முன் சீட்டை பழைய இடத்துக்கு தள்ளி, பெல்ட் இறுக்கமா இருக்கான்னு கையால இழுத்துப் பாத்துட்டு வண்டியை எடுங்க.