கடல்தாழை நடவு: பாக் விரிகுடாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலடியில் வளரும் புல்லான கடல்தாழை (கடற்புல்) அழிந்த இடத்தில் திரும்பத் தாழையை நட்டால் போதும் என்று இறங்குவதுதான் பெரிய தவறு. ஏன் அழிந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். விசைப்படகின் இழுவைமடி (இழுவலை) அடிநிலத்தை வாரிப்போகிறதா? இறால் பண்ணைக் கழிவும் சாக்கடையும் வந்து கலக்கின்றனவா? காரணம் அப்படியே இருக்க, நட்ட நாற்று மட்டும் எப்படிப் பிழைக்கும்?

வெளிச்சத்தைச் சோதிக்காமல் இடம் குறிப்பது அடுத்த தவறு. இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். கறுப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசிய தட்டில் எடை கட்டி, நண்பகலில் கயிற்றோடு இறக்குங்கள். அடிநிலத்தைத் தொடுமுன்பே தட்டு மறைந்துவிட்டால், அதுவும் வாரக்கணக்கில் அப்படியே இருந்தால், அங்கே நட வேண்டாம். கரையை ஒட்டி மிக ஆழம் குறைந்த இடமும் ஆகாது. வற்றுநீரில் வெயில் பட்டு இலை கருகும்.

பருவத்தை மீனவர்களிடம் கேளுங்கள். மன்னார் வளைகுடாவைக் கலக்குவது தென்காற்று. பாக் விரிகுடாவைக் கலக்குவது வாடை. தெற்கே சரிப்பட்ட மாதத்தை இங்கே கொண்டுவந்தால் நாற்று வேரோடு கரை ஒதுங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடவே கூடாது. வாடை ஓய்ந்து நீர் தெளிந்த பிறகு தொடங்கினால், அடுத்த வாடைக்குள் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும்.

நாற்று எடுப்பதில்தான் அதிகக் கேடு நடக்கிறது. நல்ல தாழைப்படுகையில் ஒரே இடத்தில் கொத்தாகப் பிடுங்கினால் அங்கே குழி விழுந்து, அலை அதை அரித்துப் பெரிதாக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கையால் எடுங்கள். வெறும் இலைக்கொத்து முளைக்காது. மண்ணுக்குள் படர்ந்து ஓடும் தண்டும் அதன் வளர்நுனியும் சேர்ந்து, மூன்று நான்கு தளிரோடு வர வேண்டும். எடுத்ததை நிழலில் கடல்நீரிலேயே வைத்து அன்றைக்கே நட்டுவிடுங்கள். இந்தத் தாழைதான் ஆவுளியா என்னும் கடற்பசுவின் தீனி. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு நாற்றையும் தொட வேண்டாம்.

நாற்றைக் கட்டி அடிநிலத்தில் வைக்கும் சதுரச் சட்டத்துக்குப் பிளாஸ்டிக் குழாயும் நைலான் நூலும் வேண்டாம்; அவை மக்காமல் கிடந்து வலையிலும் ஆமையின் காலிலும் சிக்கும். ஒரு மீட்டர் மூங்கில் சட்டமும் தென்னங்கயிறும் போதும். வேர் பிடித்த பின் கயிறு தானாக மக்கிவிடும். ஆனால் மூங்கில் மிதக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நான்கு மூலையிலும் முளை அடித்து அடிநிலத்தோடு இறுக்க வேண்டும். தண்டு மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் புதைந்தால் போதும்; ஆழமாகப் புதைத்தால் அழுகும்.

ஊர்க்கூட்டத்தில் பேசாமல் இடத்தைக் குறிக்காதீர்கள். கரைவலை இழுக்கும் பாடும் வள்ளம் நங்கூரம் போடும் இடமும் ஊராருக்குத்தான் தெரியும். அவர்கள் ஒப்புக்கொண்ட இடத்தில் கொடிக்கம்பு நட்டால்தான் நிற்கும்.

தாழைப்படுகை மேலேயே அலையாத்தி நடுவதும் நடக்கிறது. வேண்டவே வேண்டாம், இரண்டுக்கும் இடம் வேறு.

முதல் மாதத்தில் எண்ணிப் பார்த்து வெற்றி என்று அறிவிப்பது பலன் தராது. வாடை கழிந்த பிறகு, அதே சட்டங்களில் அரை மீட்டர் சதுரத்துக்குள் தளிர்களை எண்ணுங்கள். பக்கத்தில் நடாமல் விட்ட ஒரு துண்டையும் சேர்த்து எண்ணுங்கள். அங்கும் தாழை தானாகப் பரவியிருந்தால் அடுத்த ஆண்டு நடவே தேவைப்படாது. காவல் மட்டும் போதும்.