அயர்ன் பாக்ஸின் ஓமும் வாட்டும்

ரிப்பேருக்கு வரும் அயர்ன் பாக்ஸில் நான் முதலில் பார்ப்பது வோல்ட்டும் ஆம்பியரும்தான். பிளக் பாயிண்டில் 230 வோல்ட் இருக்கிறதா? இனி ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரை, கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரில் மட்டும் மாட்டுங்கள். கரண்ட் போகும் ஒயர், திரும்பும் ஒயர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் இதில்தான் முழிப்பார்கள்.

மீட்டர் 4.35 ஆம்பியர் காட்டினால், வோல்ட்டை ஆம்பியரால் வகுங்கள்: 230 ÷ 4.35, சுமார் 53 ஓம். அதுதான் உள்ளே சூடாகும் காயிலின் மின்தடை. பெருக்கினால் பவர்: 230 × 4.35, கிட்டத்தட்ட 1000 வாட். பெட்டியில் அச்சடித்திருப்பதும் 1000 என்றால் காயில் நன்றாக இருக்கிறது.

சாயங்காலம் லோ வோல்டேஜில் 200தான் வருகிறதா? காயிலின் 53 ஓம் பெரிதாக மாறாது. 200 ÷ 53 = 3.77 ஆம்பியர், 200 × 3.77 = 754 வாட். வோல்ட் 13 சதவீதம் குறைந்ததற்குச் சூடு கால்வாசி போய்விட்டது! பெட்டியைக் குறை சொல்லாதீர்கள்.

அயர்ன் பாக்ஸ் காயில் போலத்தான் என்று நினைத்து, குண்டு பல்பை அணைத்து வைத்து ஓம் பார்க்காதீர்கள். எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாகத்தான் காட்டும். ஃபேன், மோட்டாருக்கு வெறும் பெருக்கல் போதாது. பவர் ஃபேக்டரையும் (வோல்ட் × ஆம்பியரில் எத்தனை பங்கு நிஜமான வாட் என்று சொல்லும் எண்) சேர்த்துப் பெருக்க வேண்டும்.