நடு உருண்டை இழுத்தது சீஸ் இல்லை: பூண்டு சீஸ் பிரெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஐந்து பெண்கள் பேக்கிங் கற்றுக்கொள்ளக் கூடுவார்கள். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, ஒருத்தி மட்டும் விம்கோ நகரில் இருந்து மெட்ரோவில். கேக் முடிந்து, பன் முடிந்து, இப்போது எல்லோரும் கேட்பது போனில் பார்த்த அந்த பிரெட்தான். உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டு வட்டமாக இருக்கும். ஒன்றைப் பிய்த்தால் பக்கத்து உருண்டையில் இருந்து சீஸ் நூலாக நீளுமே, அது. புல்-அபார்ட் பிரெட். போன மாதம் ஐந்து பேரும் அவரவர் வீட்டில் செய்து படம் அனுப்பினார்கள். மூன்று படங்களைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஏழு வருடத்துக்கு முன்னால் நான் செய்த கூத்தையே வரிசை மாறாமல் செய்திருந்தார்கள்.

உப்புப் போட மறந்தது, சீஸ் வாங்க மறந்தது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒரு முறை நடந்தால் மறுமுறை தானாக நினைவுக்கு வந்துவிடும். செய்தவருக்கே தெரியாமல் திரும்பத் திரும்ப நடப்பவை மட்டும்.

நான் மனதில் வைத்துப் பேசும் அளவு இது: மைதா 300 கிராம், பால் 200 மி.லி., இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 5 கிராம், மாவில் சேர்க்க வெண்ணெய் 30 கிராம். மேலே தடவ இன்னும் 70 கிராம் வெண்ணெய், பத்துப் பல் பூண்டு, 150 கிராம் மொஸரெல்லா சீஸ். இருபது உருண்டை வரும்.

கடிகாரம் பார்த்து மாவு பொங்க வைப்பது

"வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட்டைக் கரைத்து, கதகதப்பான இடத்தில் ஒரு மணி நேரம் மூடி வையுங்கள்." குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறையை அப்படியே நம் ஊருக்கு இறக்கிவிட்டார்கள். மாவு பொங்குவதற்கு 24 முதல் 27 டிகிரி போதும். மே மாதத்தில் எங்கள் தெருவில், தகர ஷீட் போட்ட மாடிச் சமையலறையில், கதகதப்பு இல்லாத இடத்தை எங்கே தேடுவது? ஒரு மணி நேரம் வைத்த மாவைத் திறந்தால் புளித்த கள் வாசனை அடிக்கும். விரலால் தொட்டதும் பெருமூச்சு விட்டு அமுங்கும். அதை அடுப்பில் வைத்தால் மேலெழும்பாது, பரவும்.

ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பாலையே ஊற்றிப் பிசையுங்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டுக்கு வெந்நீர்க் குளியல் தேவையில்லை, மாவிலேயே கலக்கலாம். இரண்டு மடங்கு ஆனதும் எடுத்துவிடுங்கள். வெயில் காலத்தில் 35, 40 நிமிடத்தில் ஆகிவிடும். விம்கோ நகர்ப் பெண் ஒரு முறை பிசைந்த மாவை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். அன்றைக்கு வந்த மாவுகளில் அவளுடையதுதான் அருமை. வழி முழுக்க மெட்ரோ ஏசி.

பச்சைப் பூண்டு

பூண்டை நசுக்கியதும் வரும் அந்தக் காரம் அல்லிசின் என்ற பொருளால் வருவது. முழுப் பல்லில் அது இல்லை, நசுக்கும்போதுதான் உருவாகிறது. நசுக்கிய பூண்டை அப்படியே வெண்ணெயில் குழப்பி மடிப்புக்குள் தடவினால் அந்தக் காரம் போவதில்லை. வெளியே 180 டிகிரி இருந்தாலும் ஈரமான உட்பகுதி 100-ஐத் தாண்டாது. மேலே ஒட்டிய துணுக்கு கருகிக் கசக்கும், உள்ளே இருப்பது பச்சையாகவே இருக்கும். ஒரே பிரெட்டில் இரண்டு கேடு.

வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, பூண்டைப் போட்டு, பச்சை வாசனை போகும் வரை இரண்டு நிமிடம். நிறம் மாறக் கூடாது. மலைப்பூண்டு என்றால் பத்துப் பல்லுக்கு ஆறு போதும், அது உறைப்பு அதிகம். மாவைப் பிசையும்போதே பூண்டைச் சேர்க்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். வேண்டாம். பச்சைப் பூண்டு ஈஸ்ட்டை மந்தமாக்கும்.

இன்னொன்று, இது ருசி விஷயம் இல்லை. மிஞ்சிய பூண்டு வெண்ணெயையோ பூண்டு எண்ணெயையோ மேடையில் விட்டுவிட்டு மறுநாள் எடுக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் இருக்கும் பூண்டில், நம் ஊர்ச் சூட்டில், பாட்டுலிசம் என்ற உயிராபத்தான நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். மணத்திலோ நிறத்திலோ அது தெரியாது. ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

மேலே சிவந்ததும் எடுத்துவிடுவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதல் முறை செய்தது ராயபுரத்தில் நாத்தனார் வீட்டுக்கு எடுத்துப் போக. உயரமான கேக் டின்னில் உருண்டைகளை இரண்டு அடுக்காக நிரப்பி, இடுக்கெல்லாம் சீஸ் திணித்து, மேலேயும் தூவி ஓடிஜியில், அதாவது வீட்டுச் சின்ன மின்சார ஓவனில், வைத்தேன். பதினெட்டு நிமிடத்தில் மேலே பொன்னிறம், வீடெல்லாம் மணம். எடுத்துவிட்டேன். ராயபுரத்தில் டின்னைக் கவிழ்த்துத் தட்டில் வைத்ததும் பிள்ளைகள் சுற்றி நின்றுவிட்டார்கள். ஓரத்து உருண்டைகள் போயின. பாராட்டு. அடுத்த சுற்றும் போயிற்று. கடைசியில் நடுவில் இருந்த உருண்டையை நாத்தனார் வீட்டுக்காரர் பிய்த்தார். நூல் நீண்டது. ஒரு சாண், ஒன்றரைச் சாண். பிள்ளைகள் "சீஸ்! சீஸ்!" என்று கத்தி வீடியோ எடுத்தார்கள். அவர் வாயில் போட்டார், மென்றார், நிறுத்தினார், தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். "நல்லா இருக்கும்மா" என்றார். நான் தட்டைப் பார்த்தேன். நூலாக நீண்டது சீஸ் இல்லை, வேகாத மாவு.

அன்றைக்கே கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பிறந்தநாள் ஆர்டர் ஒன்று, ஆறு பிரெட். ஓவனின் சூட்டைக் கூட்டிவிட்டால் நடுவும் வெந்துவிடும் என்று 220 வைத்தேன். மேலே இன்னும் சீக்கிரம் சிவந்தது, நடு இன்னும் பச்சை. இரவு ஒன்பது மணிக்குப் போன். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். போட்ட சீஸ் காசு மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், சாதாரண பிரெட்டுக்கு ஒரே உடம்பு. இதில் ஒவ்வொரு உருண்டைக்கும் இடையில் வெண்ணெயும் சீஸும் ஈரமான மெத்தை மாதிரி நிற்கின்றன. சூடு அந்த மெத்தையைத் தாண்டித்தான் நடுவுக்குப் போக வேண்டும். மேற்பக்கமோ பால், சர்க்கரை, சீஸ் மூன்றும் சேர்ந்ததால் விரைவில் சிவக்கும். போதாக்குறைக்குச் சிறிய ஓடிஜியில் மேல் கம்பி பிரெட்டின் தலைக்கு நாலு விரல் தள்ளித்தான் இருக்கும். மேல் நிறத்துக்கும் உள்வேக்காட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போகிறது.

பல்குச்சி குத்திப் பார்த்தேன் என்பார்கள். குச்சி இரண்டு உருண்டைக்கு நடுவே வெண்ணெயில் வழுக்கிப் போய்ச் சுத்தமாக வெளியே வரும். இல்லாவிட்டால் சீஸில் இறங்கி, வெந்த பிரெட்டிலும் ஈரமாக வரும். இரண்டுமே பொய். நடு உருண்டையை ஒரு முள்கரண்டியால் லேசாகத் தூக்குங்கள். பிரியும் இடத்தில் பஞ்சு நார் தெரிந்தால் வெந்தது. கொழுக்கட்டை மாவு போலப் பளபளத்தால் வேகவில்லை. குத்தும் தெர்மாமீட்டர் இருந்தால் நடு உருண்டையின் வயிற்றில் 90 டிகிரி காட்ட வேண்டும். சீஸ் நூல் ஆறினால் விறைத்து அறுந்துவிடும். மாவு நூல் விரலில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

நான் இப்போது செய்வது: உருண்டை 28 கிராமுக்கு மேல் இல்லை. ஒன்பது அங்குல வட்டத் தட்டில் ஒரே அடுக்கு, உருண்டைக்கு உருண்டை அரை விரல் இடைவெளி. தட்டின் நடுவில், வெளிப்புறம் வெண்ணெய் தடவிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை நிமிர்த்தி வைத்து அதைச் சுற்றி உருண்டைகளை அடுக்குகிறேன். வெற்று டம்ளருக்குள் சூடான காற்று இறங்கும், நடு என்று ஒன்றே இல்லாமல் போய்விடும். பண்டபாத்திரக் கடைகளில் நடுவில் ஓட்டை வைத்த டின் கிடைக்கும், வாங்கலாம். எனக்கு என் கல்யாணச் சீரில் வந்த, பெயர் வெட்டிய டம்ளரே போதும். எழுத்துப் பள்ளத்தில் வெண்ணெய் கருகிப் பிடித்து, பெயர் இப்போது முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

ஓடிஜியைப் பதினைந்து நிமிடம் முன்பே சூடேற்றி, 180 டிகிரியில், நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே. பதினைந்தாவது நிமிடம் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி, இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஓடிஜியின் திருகில் 180 என்று போட்டிருந்தால் உள்ளே 180 இருக்கும் என்று அர்த்தம் இல்லை. என்னுடையது 25 டிகிரி குறைத்துச் சொல்லும். உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான்.

சொல்லிக்கொடுத்த பிறகும் போன மாதம் வந்த அந்த மூன்று படங்களில் நடுப்பகுதி குழிந்து, ஈரமாக மின்னியது. கேட்டால், "டேஸ்ட் நல்லாதான்க்கா இருந்துச்சு, நடுவுல மட்டும் கொஞ்சம் சாஃப்டா." இந்த 'சாஃப்ட்'தான் எனக்கு எரிச்சல். வேகாததற்கு இப்படி ஒரு செல்லப் பெயர் வைத்துவிட்டால் அடுத்த முறையும் அதையேதான் செய்வார்கள். பச்சை மைதா வயிற்றுக்கு ஆகாது, அதைப் பிள்ளைகள் கூடும் தட்டில் வைக்கிறோம்.

வெண்ணெயை உருக்கி ஊற்றுவது

மே மாதத்தில் நம் ஊர் வெண்ணெய்க்கு இரண்டே நிலை: கல், இல்லாவிட்டால் எண்ணெய். எண்ணெயாக ஊற்றினால் எல்லாம் அடிக்கு இறங்கி, பிரெட்டின் அடிப்பாகம் பூரி மாதிரி பொரிந்துவிடும். பூண்டோடு காய்ச்சியதைப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, குழம்பாக உறைய ஆரம்பித்ததும் பிரஷ்ஷால் தடவுங்கள். பாதியை அடுப்புக்குப் போகும் முன், மீதியை வெளியே வந்தவுடன்.

க்யூப் சீஸ்

உருகும். நூல் வராது. பிராசஸ்ட் சீஸில் சேர்க்கும் உப்புகள் அதைக் கூழாக உருக வைக்கத்தான், இழுபடுவதற்கு மொஸரெல்லா வேண்டும். உப்புக் கரிப்புக்காக ஒரு க்யூப் துருவிச் சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. உறைந்த மொஸரெல்லாவை ஐஸோடு கொட்டாதீர்கள். இளகவிட்டு, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்த பிறகு போடுங்கள். தட்டின் சுவரைத் தொடும் இடத்தில் சீஸ் வேண்டாம். அது பசை.

உப்பு வெண்ணெய், உப்புச் சீஸ், அதற்கு மேல் உப்பு

மாவில் போட்டது போதும்.

கொத்தமல்லி

வெந்த பிறகு.

திறந்த ஈஸ்ட் பாக்கெட்டை அடுப்பு மேடையில் வைப்பது

ஃப்ரீசரில் வையுங்கள், காற்றுப் புகாத டப்பாவில்.

கரண்ட் போகும் நேரம்

எங்கள் பக்கத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் நிறுத்தினால் மதியம்தான் வரும். அன்றைக்கு பிரெட் கிடையாது, பணியாரம்.

ஆறவிட்டுப் பரிமாறுவது

கேக்கை ஆறவிட்டுப் பழகியவர்கள் இதையும் ஆறவிடுகிறார்கள். மொஸரெல்லா இளஞ்சூட்டுக்கு வந்ததும் ரப்பராகிவிடும். வெளியே எடுத்து ஐந்து நிமிடம், டம்ளரை இடுக்கியால் திருகி எடுத்து, தட்டோடு நடுவில் வைத்துவிடுங்கள். டம்ளர் இருந்த குழியில் ஒரு சின்னக் கிண்ணம் தக்காளிச் சட்னி. ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு ஓவனில் இருந்து எடுப்பதுதான் சரி. விருந்தாளிக்கு பிரெட் காத்திருக்கக் கூடாது.

மிஞ்சியதை மைக்ரோவேவில் போட்டால் தோல் செருப்பு. தோசைக்கல்லில் சிறு தீயில் வைத்து, ஓரமாக நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடுங்கள், மூன்று நிமிடத்தில் மறுபடி இழுபடும். எங்கள் வீட்டில் மிஞ்சுவது எப்போதும் டம்ளரை ஒட்டிய உருண்டைகள்தான். நாத்தனார் வீட்டுக்காரர் இன்றும் ஓரத்தில் இருந்துதான் பிய்ப்பார்.