சிறிய சி டிரைவில் பேஜ் ஃபைல்: கை வைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டியுள்ள ஜெராக்ஸ் கடைகளுக்குத் திங்கட்கிழமைதான் பெரிய நாள். மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் மனு தட்டச்சு செய்யவும், பட்டா நகல் எடுக்கவும், ஆதாரை ஸ்கேன் செய்யவும் காலையிலிருந்தே ஆட்கள் நிற்பார்கள். அப்படியொரு திங்கட்கிழமை, அங்குள்ள ஒரு கடையில் பாதி தட்டச்சு செய்த மனுவோடு வேர்டு மூடிக்கொண்டது. குரோமில் திறந்திருந்த பக்கங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. நினைவகம் போதவில்லை என்ற எச்சரிக்கை திரையில் வந்து நின்றது. நான் போய்ப் பார்த்தபோது கடைப் பையன் தயங்கியபடி சொன்னான்: “சி டிரைவ் சிவப்பாயிடுச்சுண்ணா. ஒரு வீடியோவுல சொன்னாங்கன்னு பேஜ் ஃபைலை எடுத்துட்டேன். அஞ்சு ஜிபி கிடைச்சுது.”

கிடைத்தது உண்மைதான். கணினியின் நினைவகமான ரேமிலிருந்து ஒரு பகுதித் தரவை இறக்கி வைக்க விண்டோஸ் டிரைவில் ஒதுக்கிவைக்கும் கோப்புதான் பேஜ் ஃபைல். அந்தக் கணினியில் 4 ஜிபி ரேமும் 120 ஜிபி எஸ்எஸ்டியும் இருந்தன. பொருத்திக் கொடுத்தவர் அதைப் பிரித்துச் சி டிரைவுக்கு 40 ஜிபி மட்டுமே ஒதுக்கியிருந்தார். விண்டோஸ் தானாக நிர்வகிக்கும்போது பேஜ் ஃபைலின் உச்ச அளவு ரேமைப் போல மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இவற்றில் எது பெரிதோ அதுவாகும்; ஆயினும் பொதுவாக அது டிரைவின் மொத்தக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. 40 ஜிபியில் எட்டில் ஒரு பங்கு 5 ஜிபி. பையன் மீட்ட இடம் அதுவே.

அமைப்பில் ‘நோ பேஜிங் ஃபைல்’, அதாவது பேஜ் ஃபைலே வேண்டாம் என்று தேர்ந்தெடுப்பது எல்லாத் தவறுகளிலும் பெரியது என்பேன். ரேம் நிரம்பி வழிந்தால்தான் பேஜ் ஃபைல் தேவைப்படும் என்று பலரும் நினைக்கிறார்கள். விண்டோஸ் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு மென்பொருள் நினைவகம் கேட்டால், அதைத் தருவதாக விண்டோஸ் வாக்குக் கொடுக்கிறது. அப்படிக் கொடுக்கும் வாக்குகளின் மொத்தம், ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்ட அது அனுமதிப்பதில்லை. லாங்கு பஜாரில் உள்ள அரிசி மண்டிக்காரர், கடையில் இருக்கும் மூட்டைகளையும் பின்னால் கிடங்கில் இருக்கும் மூட்டைகளையும் கூட்டிப் பார்த்துத்தான் முன்பணம் வாங்குவார். கிடங்கை விற்றுவிட்டால், கடையில் மூட்டைகள் கண்ணெதிரே அடுக்கியிருந்தாலும் புதிய ஆர்டரை அவர் மறுக்க வேண்டியிருக்கும். அந்த மூட்டைகள் ஏற்கெனவே வேறொருவருக்குச் சொல்லப்பட்டவை. ‘ரேம் இன்னும் காலியாகத்தானே காட்டுகிறது, பிறகு ஏன் மென்பொருள் மூடிக்கொள்கிறது?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

அடுத்த தவறு, ரேமைப் போல ஒன்றரை மடங்கு என்ற பழைய வாய்பாட்டை இன்றும் பிடித்துக்கொண்டிருப்பது. ரேம் மிகக் குறைவாக இருந்த காலத்தில் அது ஏதோ ஒரு விதத்தில் பொருந்தியது. ரேம் அதிகமானால் பேஜ் ஃபைலின் தேவை குறைய வேண்டுமே தவிர, அதோடு சேர்ந்து வளரக் கூடாது. 16 ஜிபி ரேம் உள்ள கணினியின் 64 ஜிபி டிரைவில் 24 ஜிபியைப் பேஜ் ஃபைலுக்குக் கொடுப்பவர், விண்டோஸ் அப்டேட்டுக்கு இடமில்லாமல் அடுத்த மாதமே திண்டாடுவார்.

வாய்பாட்டை விட்டுவிட்டு அளந்து பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால், ‘கமிட்டெட்’ என்ற சொல்லின் கீழே சாய்கோடிட்டு இரண்டு எண்கள் இருக்கும். இடப்புறம் இருப்பது இப்போது கொடுக்கப்பட்டுள்ள வாக்கு. வலப்புறம் இருப்பது எல்லை. இதை ஞாயிற்றுக்கிழமை மாலை கடை காலியாக இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. அந்தக் கடையில் பேஜ் ஃபைலைத் தற்காலிகமாக விண்டோஸின் பொறுப்பிலேயே திரும்ப விட்டுவிட்டு, அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, வேர்டு, குரோம், ஃபோட்டோஷாப், ஸ்கேனர் மென்பொருள் எல்லாம் ஒன்றாக ஓடும் வேளையில் பார்க்கச் சொன்னேன். இடப்புற எண் 6.8 ஜிபி வரை ஏறியது. அதிலிருந்து ரேமின் 4 ஜிபியைக் கழித்தால் ஏறக்குறைய 3 ஜிபி. கணிக்க முடியாத நெரிசலுக்காக மேலும் ஒன்றிரண்டு ஜிபி. ஆகவே தொடக்க அளவு 3072 எம்பி என்றும் உச்ச அளவு 5120 எம்பி என்றும் வைத்தோம். விண்டோஸ் தானாக வைத்திருந்த உச்சமும் அதே 5 ஜிபிதான் என்பதைக் கவனித்தால், தொடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். பெரும்பாலான கணினிகளுக்கு என் கருத்தும் அதுதான்.

அளவைப் பதியும்போது நேரும் சிறு பிழைகளும் உண்டு. தொடக்க அளவையும் உச்ச அளவையும் எழுதும் பெட்டிகள் கேட்பது எம்பி கணக்கில். 4 ஜிபி வேண்டுமென்றால் 4096 என்று எழுத வேண்டும். குடியாத்தத்தில் ஒருவர் 40 என்று எழுதியிருந்தார். 16 எம்பிக்குக் குறையாத எதையும் விண்டோஸ் ஏற்றுக்கொள்வதால் அவருக்கு 40 எம்பி பேஜ் ஃபைல் அமைந்துவிட்டது. எண்ணை எழுதிய பின் ‘செட்’ பொத்தானை அழுத்தாமல் நேரே ‘ஓகே’ கொடுத்தால் மாற்றம் பதியாது. அளவைக் கூட்டினால் பெரும்பாலும் உடனே நடைமுறைக்கு வரும், குறைத்தால் ரீஸ்டார்ட் தேவை. ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதை நம்ப வேண்டாம். அடுத்த முறை விரைவாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது முழுமையான நிறுத்தம் அன்று.

பேஜ் ஃபைலை டி டிரைவுக்கு மாற்றுவது தவறா என்று பலரும் கேட்கிறார்கள். டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதே எஸ்எஸ்டியின் இன்னொரு பகுதி என்றால் வேகம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இடம் மட்டும் மீளும், மாற்றலாம். டி என்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், ரேம் நெருக்கடியான ஒவ்வொரு முறையும் கணினி உறைந்து நிற்கும். யுஎஸ்பி வழியாக இணைக்கும் டிஸ்கை நினைக்கவே வேண்டாம். சி டிரைவுக்கு, தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் பிட்லாக்கர் பூட்டு இருந்து டி டிரைவுக்கு இல்லையென்றால், நினைவகத்திலிருந்து இறங்கும் தரவு பூட்டில்லாத இடத்தில் கிடக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எப்படி மாற்றினாலும் சி டிரைவில் ஒரு சிறிய பேஜ் ஃபைலை விட்டுவைப்பது நல்லது. விண்டோஸ் முடங்கி நீலத்திரை வரும்போது அதன் காரணத்தைப் பதிவு செய்ய விண்டோஸுக்கு வழக்கமாக அது தேவைப்படுகிறது. பென் டிரைவைச் செருகி விண்டோஸின் ரெடிபூஸ்ட் வசதியை இயக்கினால் மெய்நிகர் நினைவகம், அதாவது ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவு, கூடிவிடும் என்பதும் ஒரு மயக்கம். அது வாசிப்பதற்கான இடைத்தேக்கம் (கேஷ்) மட்டுமே, எல்லை ஒரு எம்பி கூட உயராது.

எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பயந்து பேஜ் ஃபைலை நீக்குபவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் 7 வெளிவந்த 2009-ஆம் ஆண்டிலேயே மைக்ரோசாஃப்ட் இதற்கு விடை சொல்லிவிட்டது: அவர்கள் திரட்டிய தரவில் பேஜ் ஃபைலில் எழுதுவது ஒரு முறை என்றால் வாசிப்பது ஏறக்குறைய 40 முறை. சிறு சிறு வாசிப்புகளில்தான் எஸ்எஸ்டி சிறந்து விளங்குகிறது.

உண்மையில் இடத்தைத் தின்பவை பெரும்பாலும் வேறு. திறந்திருக்கும் வேலையை டிரைவில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்நேஷனுக்கான கோப்பு, விண்டோஸ் 10 முதல் வழக்கமாக ரேமில் 40 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. 8 ஜிபி ரேம் என்றால் 3.2 ஜிபி. மேசைக் கணினியில் ஹைபர்நேட் செய்பவர் அரிது. நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி கட்டளையைக் கொடுத்து அதை நிறுத்தலாம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் உடன் போகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். லேப்டாப்பில் நிறுத்த வேண்டாம். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னையில் இறங்கும்வரை மூடிவைத்த வேலை அப்படியே இருக்க வேண்டுமென்றால் அது தேவை. புதிய பதிப்புக்கு மாறியவர்களின் சி டிரைவில் பழைய விண்டோஸின் கோப்புறை பல ஜிபியோடு உட்கார்ந்திருக்கும். வழக்கமாக பத்து நாளில் தானே நீங்கும், அவசரமென்றால் டிஸ்க் கிளீன்அப் மூலம் நீக்கலாம். அந்த ஜெராக்ஸ் கடையில் இவை எல்லாவற்றையும் விஞ்சியது டவுன்லோட்ஸ் கோப்புறைதான்: வாட்ஸ்அப் வெப் வழியாக வாடிக்கையாளர்கள் அனுப்பிய பிடிஎஃப்களும் படங்களும் மட்டும் 11 ஜிபி. பிறருடைய ஆதார் நகல்களை அப்படிக் குவித்து வைத்திருப்பது வேறொரு தவறு. அதைக் கடைக்காரரிடம் தனியாகச் சொன்னேன். டவுன்லோட்ஸை டி டிரைவுக்கு மாற்றி, ஒவ்வொரு நாளும் காலி செய்ய ஏற்பாடு செய்தோம்.

பாதுகாப்புக்காக, கணினியை நிறுத்தும்போதெல்லாம் பேஜ் ஃபைலைத் துடைக்கும் அமைப்பு ஒன்று விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் உண்டு. அதை, இடம் மிச்சமாகும் என்று நம்பிச் சிலர் இயக்குகிறார்கள். உள்ளடக்கம்தான் சுழியாக்கப்படும், கோப்பின் அளவு ஒரு எம்பி கூடக் குறையாது. ஷட்டவுன் மட்டும் நீண்டுகொண்டே போகும், ஷட்டரை இறக்கும் அவசரத்தில் கடைக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்விடுவார்.