பரணிலிருந்து இறங்கிய ரீஃப் டேங்க்: காலித் தொட்டியிலிருந்து முதல் பவளம் வரை

வீட்டில் கடல்நீர் வைத்துப் பவளம் வளர்க்கும் ரீஃப் டேங்க் ஒன்று என்னிடம் இருந்தது. கடைசியாக அந்தத் தொட்டியைக் காலி செய்து ஆறு வருஷமாகிறது. ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் ஓடியதில் ஒரே ராத்திரியில் தண்ணீர் 34 டிகிரிக்கு ஏறிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால், பார்த்துப் பார்த்து வளர்த்த பவளங்கள் சதை உரிந்து வெள்ளை எலும்பாக நின்றன. அன்றைக்கே எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினேன். இப்போதுதான் இறக்கினேன்.

திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மறந்துபோனதைத் தேடிப் படித்துக்கொள்ளலாம். நினைவில் தங்கியிருக்கும் பழைய பழக்கம்தான் கையைக் கடிக்கும். அதனால் இந்த முறை நானே ஒரு புதுமுகம் என்று வைத்துக்கொண்டு தொடங்கினேன். நீங்கள் நிஜமாகவே புதியவர் என்றால் அடுத்த பகுதியைத் தாண்டி நேராக "இடம், எடை, மின்சாரம்" என்ற இடத்துக்குப் போய்விடலாம்.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது

கண்ணாடித் தொட்டியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் நம்ப வேண்டாம். வெளியே சமதளத்தில் வைத்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். மூலைகளில் சிலிக்கான் காய்ந்து உரிந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். அந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மீன் மருந்து ஊற்றியிருந்தால் பவளத்துக்கு அது வேண்டாம். சிலிக்கானிலும் கல்லிலும் ஏறிய செம்பு மெல்ல மெல்லக் கசியும். மீனைக் காப்பாற்றும் அதே செம்பு, நத்தை, இறால், பவளம் மூன்றையும் கொன்றுவிடும்.

பம்புகளைச் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டால் சுண்ணாம்புப் படிவு பொத்துப்பொத்தென்று விட்டுவிடும். என்னிடமிருந்த நான்கில் மூன்று மறுபடி ஓடின. பழைய ஹீட்டர், கட்டிதட்டிப்போன உப்பு, காலாவதியான சோதனைத் திரவங்கள், ஆர்.ஓ. கருவியின் பழைய ஃபில்டர்கள், டி.ஐ. ரெசின் (ஆர்.ஓ. தண்ணீரில் மிஞ்சும் உப்புகளைப் பிடிக்கும் மணிகள்), பழைய மணல் எல்லாம் குப்பைக்கு. மணலில் மட்டும் எனக்கு மனசு வரவில்லை. ஒரு வாளியில் அள்ளிப் போட்டுக் கலக்கிப் பார்த்தேன், சாக்கடை நிறத்தில் வந்த தண்ணீரைப் பார்த்ததும் மனசு வந்துவிட்டது.

கற்கள் விஷயத்தில் கவனம். பழைய கல்லைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜோவாந்திட், பாலிதோவா போன்ற பொத்தான் பவளங்களில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. சூட்டில் அது லேசில் அழியாது. நீராவியோடு மூச்சில் ஏறி வீட்டிலுள்ள எல்லோரையும் மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். அந்தப் பவளங்கள் வளர்ந்த கல்லைச் சுரண்டவும் வேண்டாம், காய்ந்த பிறகு தேய்க்கவும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் கல்லே வேண்டாம். மற்றக் கற்களை மூடியுள்ள தொட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, ஒரு பம்பைப் போட்டு, இருட்டில் சில வாரம் ஊறவிடுங்கள். வாரம் ஒருமுறை, பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டை அளந்து, ஏறியிருந்தால் தண்ணீரை மாற்றுங்கள். எனக்கு ஐந்து வாரம் பிடித்தது.

இடம், எடை, மின்சாரம்

முதல் தொட்டிக்கு 150 முதல் 250 லிட்டர் வரை நல்ல அளவு. சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும். ஆனால் தண்ணீர் குறையக் குறைய உப்பும் சூடும் சட்டென்று ஏறி இறங்கும், தவறு செய்தால் திருத்த நேரம் கிடைக்காது. 200 லிட்டர் கடல்நீரே ஏறத்தாழ 205 கிலோ. கல், மணல், கண்ணாடி, ஸ்டாண்ட் சேர்ந்தால் 300 கிலோவைத் தொடும். தரை தாங்குமா என்பதையும் ரசமட்டம் வைத்துச் சமமாக இருக்கிறதா என்பதையும் காலியாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். நேர் வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம்.

எல்லா மின்கம்பிகளும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேற வேண்டும். கம்பி வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் உப்புத் தண்ணீருக்குள் கை விடக் கூடாது.

ஹீட்டர் கதையைத்தான் மேலே சொன்னேனே. இப்போது ஹீட்டரைத் தனியான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் செருகியிருக்கிறேன். ஹீட்டரின் தெர்மோஸ்டாட் 26, கருவியின் எல்லை 26.5. ஒன்று ஒட்டிக்கொண்டாலும் இன்னொன்று துண்டித்துவிடும்.

தண்ணீர்

இந்தப் பொழுதுபோக்கில் நாம் உண்மையில் வளர்ப்பது தண்ணீரைத்தான், மீனும் பவளமும் அதில் வந்து தங்குகின்றன என்று எங்கள் பழைய கூட்டத்தில் கிண்டலாகச் சொல்வோம். எனவே இங்கே கொஞ்சம் நின்று பேசலாம்.

குழாய்த் தண்ணீர் கூடாது. அதில் குளோரின், சிலிக்கேட், பாஸ்பேட், சில சமயம் குழாயிலிருந்து கரைந்த செம்பு எல்லாம் இருக்கும். குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரும் போதாது, ஆர்.ஓ.வுக்குப் பிறகு, மிஞ்சும் உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசினையும் தாண்டி வர வேண்டும். கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டினால் சரி. 1, 2 என்று ஏறத் தொடங்கினாலே ரெசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

உப்பு கலக்க: முதலில் தண்ணீர், அதற்குள் உப்பு. உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால், அடியில் அடர்த்தி கூடி, கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து பால் மாதிரி வெளுத்துவிடும். அந்தக் கால்சியம் திரும்பக் கரையாது. லிட்டருக்குச் சுமார் 36 முதல் 38 கிராம் வரை தேவைப்படும், உப்புக்கு உப்பு மாறும். ரீஃபுக்கென்று விற்கும் உப்பையே வாங்குங்கள், சமையல் உப்பில் ஆகாது. பம்பு ஓடட்டும், தண்ணீர் தெளியட்டும், பிறகு அளக்கலாம்.

நமக்கு வேண்டியது ஆயிரத்துக்கு 35 பங்கு. அடர்த்தியில் சொன்னால் 25 டிகிரியில் ஏறத்தாழ 1.026. இதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதும் என்றுதான் நான் முன்பு செய்துவந்தேன். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி 35-இல் தவறலாம். 35 பங்கு என்று குறித்து விற்கும் அளவுத் திரவத்தில் ஒரு சொட்டு வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் தடுக்கி விழும் இடம். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே இருக்கும். குறைந்ததை ஈடுகட்ட எப்போதும் உப்பில்லாத டி.ஐ. தண்ணீரையே ஊற்ற வேண்டும். தினமும் கையால் ஊற்றுவதைவிட, மட்டம் பார்த்துத் தானே ஊற்றும் கருவி முதல் மாதத்திலேயே வாங்கத் தகுந்தது. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கூடப் பிறகு வரலாம்.

கல், பிறகு மணல்

வரிசை முக்கியம். கல் அடிக்கண்ணாடியில் நேராக உட்கார வேண்டும், அதன் பிறகே மணல். மணல்மேல் கல்லை வைத்தால், கோபி மீனும் பிஸ்டல் இறாலும் அடியில் தோண்டித் தோண்டி ஒருநாள் கோபுரத்தைச் சாய்த்துவிடும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே துடைக்கும் காந்தம் போய்வர இடைவெளி விடுங்கள். மணல் அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை, 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமன், 3 சென்டிமீட்டர் ஆழம் போதும். ரொம்ப நைசான மணல் பம்பின் வேகத்தில் பறக்கும்.

1961-இல் இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிரோடு எடுத்த கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துப் பவளத் தொட்டி நடத்திக்காட்டினார். லைவ் ராக் என்ற சங்கதியின் தொடக்கம் அங்கே. அது கிடைத்தால் பாக்டீரியாவும் குட்டிக் குட்டி உயிர்களும் கூடவே வரும், கெட்ட நண்டும் ஐப்டாசியா என்ற கடற்சாமந்திக் களையும்கூட வரும். உலர்ந்த கல்லில் எதுவும் வராது, நல்லதும் வராது. நான் உலர்ந்த கல்லோடு இரண்டு கிலோ லைவ் ராக் சேர்த்தேன். முன்பெல்லாம் தொட்டியின் பின்சுவர் முழுக்கக் கல்லை அடுக்குவோம். இப்போது பாதிதான் வைத்தேன், தண்ணீர் ஓட இடம் கிடைத்தது.

ஓடவிட்டு, அணைத்துப் பாருங்கள்

எல்லாம் ஓடத் தொடங்கியதும் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். மேல்தொட்டியிலிருந்து கீழேயுள்ள துணைத் தொட்டியான சம்ப்புக்கு வடியும் தண்ணீர் முழுவதும் சம்ப்பில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் சம்ப்பின் மட்டத்தைக் குறையுங்கள். மின்சாரம் போகும் ராத்திரியில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமில்லை இது. நீரோட்டத்துக்கு, மென்பவளம் மட்டும் வளர்ப்பதானால் மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல 10 முதல் 20 மடங்கு போதும். பம்பை நேராகப் பவளத்தின் முகத்தில் திருப்பாதீர்கள்.

சைக்கிளிங்

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சை மாற்றும் பாக்டீரியாவை, மீன் வருமுன் தொட்டியில் வளர்த்தெடுப்பதுதான் சைக்கிளிங். அந்தக் காலத்தில் ஒரு டாம்செல் மீனை விட்டு, அது தாங்குகிறதா என்று பார்ப்போம். கொடுமை. அதைச் செய்யாதீர்கள்.

அம்மோனியம் குளோரைடு திரவத்தை அளந்து ஊற்றி, அம்மோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் வேகம் கூடும். ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அடுத்தது அதை நைட்ரேட்டாக்கும். விளக்கு வேண்டாம், எரிந்தால் பாசிக்கு மட்டுமே லாபம். இரண்டு நாளுக்கொருமுறை அளந்து எழுதிவையுங்கள். ஊற்றிய 2 பி.பி.எம். 24 மணி நேரத்தில் பூஜ்யமானால் தொட்டி தயார். மூன்று முதல் ஆறு வாரம் ஆகும்.

நைட்ரைட் இறங்க மறுத்தால் பதறாதீர்கள். நன்னீரில் அது மீனைக் கொல்லும். கடல்நீரிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுத்துவிடுவதால் இங்கே ஆபத்து மிகக் குறைவு. நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் சோதனையும் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

அசிங்கமான பருவம்

இனி தொட்டி அசிங்கமாகும். முதலில் மணல்மேல் பழுப்புப் பொடி, அது டயாட்டம் என்ற நுண்பாசி. சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போகும். பிறகு பச்சைப் பாசி முடி. ட்ரோக்கஸ், செரித் நத்தைகள் நாலைந்தை இப்போது விடலாம், மீதியைக் கையால் பிடுங்குங்கள்.

பழைய பழக்கம் என்னைக் கடித்தது இங்கேதான். பாசியைப் பார்த்ததும் பாஸ்பேட் உறிஞ்சியைப் போட்டு, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்கினேன். பத்தே நாளில் பாசி போய், சளி மாதிரி பழுப்பு நூலும் நுனியில் குமிழிகளுமாக டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்து உட்கார்ந்தது. போட்டிக்கு ஆளில்லாத தொட்டியில் அதற்குக் கொண்டாட்டம். உறிஞ்சியை எடுத்துவிட்டு, நைட்ரேட் 5 பி.பி.எம்., பாஸ்பேட் 0.05 பி.பி.எம். பக்கத்தில் நிற்கவைத்த பிறகு அது அடங்க ஒன்றரை மாதம் ஆயிற்று. இரண்டும் பூஜ்யம் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மீன்

பண்ணையில் பிறந்த ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் ஒரு ஜோடி போதும். ஆனால் நேராகத் தொட்டிக்குள் விடாதீர்கள். வெண்புள்ளி நோய் தரும் கிரிப்டோகேரியான் ஒருமுறை உள்ளே நுழைந்தால், எல்லா மீன்களையும் வெளியே எடுத்துத் தொட்டியை வாரக்கணக்கில் மீனில்லாமல் வைக்க நேரிடும். பலர் சொல்வது 76 நாள். செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்ற முடியாது. ஒரு சின்னத் தனித்தொட்டியில், பிளாஸ்டிக் குழாய்த் துண்டு இரண்டை மறைவிடமாகப் போட்டு, நாலு வாரமாவது வைத்துக் கவனியுங்கள்.

நெடுந்தூரம் பையில் வந்த மீன் என்றால் ஒரு நுணுக்கம். மூடிய பையில் கரியமிலவாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் உள்ளேயுள்ள அம்மோனியா அதிகம் கடிக்காது. பையைத் திறந்ததும் பி.எச். ஏறும், அம்மோனியா நஞ்சாகும். எனவே மூடிய பையை 15 நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். தனித்தொட்டியின் உப்பளவைப் பைத் தண்ணீருக்கு முன்பே பொருத்திவைத்திருந்தால், திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றிவிடலாம். பைத் தண்ணீரை உள்ளே ஊற்றாதீர்கள்.

முதல் பவளம்

மீன் சேர்ந்து ஒரு மாதமாவது போகட்டும். காளான் பவளம், தோல் பவளம் இரண்டும் நம் தவறுகளை மன்னிக்கும். பச்சை நட்சத்திரப் பாலிப்பும் மன்னிக்கும், ஆனால் தொட்டியையே எழுதி வாங்கிக்கொள்ளும். தனிக்கல்லில், மற்றதைத் தொடாமல் வையுங்கள். பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டுகளையே கேட்டு வாங்குங்கள். உள்ளே விடுமுன் பவளத்துக்கான பூச்சிநீக்கித் திரவத்தில் முக்கி எடுத்தால் தட்டைப்புழுக்கள் உதிரும்.

நீல நிறம் ஓங்கிய எல்.இ.டி. விளக்கு, நாளுக்கு எட்டு மணி நேரம், முதல் இரண்டு வாரம் பாதி வெளிச்சம். மென்பவளத்துக்குப் பார் அளவு (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) 50 முதல் 100 வரை போதும். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. திடீர் வெளிச்சத்தில் அந்தப் பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும்.

காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350 பி.பி.எம். இந்த எண்களைத் துரத்த வேண்டாம். காரத்தன்மை 7.8-இல் அசையாமல் நிற்பது, 8.5-க்கும் 10-க்கும் இடையே ஊஞ்சலாடுவதைவிட மேல். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால், மென்பவளம் மட்டும் உள்ள தொட்டியில் அதுவே ஈடுகட்டிவிடும். சுண்ணாம்பு எலும்பு கட்டும் கல்பவளங்கள் சேர்ந்த பிறகு, தினமும் ஒரே நேரத்தில் காரத்தன்மையை ஒரு வாரம் அளந்து பாருங்கள். மாற்றும் தண்ணீர் ஈடுகட்ட முடியாத வேகத்தில் இறங்கினால், காரத்தையும் கால்சியத்தையும் தனியே சொட்டுச் சொட்டாகச் சேர்க்கத் தொடங்க வேண்டும். என் தொட்டி இன்னும் அங்கே வரவில்லை. இரண்டு காளான், ஒரு தோல் பவளம், பின்கண்ணாடியில் மிளகளவு ஊதாப் பாசி, இவ்வளவே இன்றைய நிலவரம்.