துப்பாக்கி வாங்கும் முன்: ஏர் பிஸ்டல், ஏர் ரைஃபிள் பழக வருபவர்கள் காசை விடும் இடங்கள்

திருவிழாக் கடையில் பத்துப் பலூனில் எட்டை உடைத்துவிட்டு, 'நமக்குக் கை நிதானம் இருக்கு' என்று நாமே முடிவுகட்டித்தான் பலர் இந்த விளையாட்டுக்குள் வருகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். பலூன் தேங்காய் அளவு இருக்கும், தூரம் நாலைந்து மீட்டர். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளிக்குரிய இடமோ அரை மில்லிமீட்டர் அகலம்தான். குண்டூசித் தலையைவிடச் சின்னது. ஏர் பிஸ்டலில் கொஞ்சம் தாராளம், 11.5 மி.மீ. இந்த வித்தியாசம் தெரியாமல் நேராகக் கடைக்குப் போய் ஒரு துப்பாக்கியை வாங்கியதுதான் என் முதல் தவறு. பிற்பாடு செய்த தவறுகளில் பாதி அதன் பிள்ளைகள்.

கடையில் நான் கேட்ட கேள்வியே தப்பு. "இதுல பவர் அதிகம் எது சார்?" என்றேன். அவரும் மகிழ்ச்சியாக ஒரு ஸ்பிரிங் ரைஃபிளை எடுத்து நீட்டினார். மேலே ஒரு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வேறு. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை, அதாவது ட்ரிகரை, அழுத்தினால் பிஸ்டன் பாயும், துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும், அப்புறம்தான் பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு வெளியே வரும். அந்த உதறலில் இரண்டே மாதத்தில் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு ஆட ஆரம்பித்துவிட்டது. எப்படியும் போட்டியில் ஸ்கோப் வைக்க அனுமதி இல்லை என்பது அதற்கும் பிறகு தெரிந்த செய்தி.

பவர் என்பது இந்த விளையாட்டில் யாருக்கும் வேண்டாத பொருள். ஒலிம்பிக்கில் சுடும் ரைஃபிளிலிருந்தே பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது. அரை கிராம் எடையுள்ள பெல்லட்டுக்கு அது ஏழெட்டு ஜூல் ஆற்றல். எதிரே இருப்பது காகிதம், அதைத் துளைக்க இதுவே அதிகம். கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் வேகம் இதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். அந்தக் கூடுதல் வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை உதறலும், குழலை மடக்கும்போது தோள்வலியும், ட்ரிகரின் கடினமும். போட்டி ஏர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. அதாவது அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை அதில் மாட்டித் தூக்கினால் விசை விழக்கூடாது. என் ஸ்பிரிங் ரைஃபிளில் இரண்டு லிட்டர் பாட்டிலையே மாட்டலாம் போலிருந்தது.

சரி, அப்படியானால் முதலில் என்ன வாங்குவது? ஒன்றும் வாங்க வேண்டாம். பக்கத்து ஊரில் ரைஃபிள் கிளப் இருக்கிறதா, தனியார் 10 மீட்டர் ரேஞ்ச் (சுடுதளம்) இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலான இடங்களில் பழகுவதற்கென்று துப்பாக்கி வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று மாதம் அதிலேயே சுடுங்கள். கைக்கு வருவது ரைஃபிளா பிஸ்டலா என்பதே அதற்குள்தான் தெரியும்.

இந்தத் தேர்விலும் செலவுக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒலிம்பிக் வரை போன ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பேரைக் கேட்டுவிட்டு, நம்ம கடலூரில் பிறந்த பெண்ணாச்சே என்று பிள்ளைக்கு ரைஃபிள்தான் என முடிவோடு வரும் பெற்றோர் உண்டு. ரைஃபிளுக்குத் துப்பாக்கியோடு கதை முடியாது. முதுகைத் தாங்கும் விறைப்பான ஜாக்கெட், கால்சட்டை, கையுறை, தனிக் காலணி என்று வரிசையாக வரும். ஜாக்கெட் உடம்போடு ஒட்டித் தைக்க வேண்டியது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தைத்தால் பதின்மூன்றில் பத்தாது. பிஸ்டலுக்கு இது எதுவும் வேண்டாம். தட்டையான அடியுள்ள சாதாரணக் காலணி போதும். கையில் காசு குறைவு, இரண்டில் எதுவானாலும் சரி என்பவருக்கு என் ஓட்டு பிஸ்டலுக்குத்தான். ரைஃபிள்மேல்தான் ஆசை என்றால், இங்கே மாநிலப் போட்டிகளில் சாதாரண ஓபன் சைட் (பின்னால் பள்ளம், முன்னால் முனை என்று குறிபார்க்கும் எளிய அமைப்பு) ரைஃபிளுக்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறார்கள், அதில் தொடங்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று 2024 ஆகஸ்டுக்குப் பிறகு கிளம்பியது. பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக்கண்ணாடியோடு நின்று கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கிய படம் உலகம் சுற்றியது. 'பாத்தியா, ஒரு சாமானும் வேண்டாம்!' என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு அப்போது 51 வயது, அது ஐந்தாவது ஒலிம்பிக். கையில் இருந்தது அசல் போட்டி பிஸ்டல், காதில் அடைப்பானும் இருந்தது. கை பாக்கெட்டில் இருந்ததும் ஸ்டைலுக்காக அல்ல. பிஸ்டல்காரர்கள் எல்லோருமே சும்மா இருக்கும் கையை ஆடாமல் எங்காவது நிறுத்தி வைப்பார்கள்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மி.மீ.க்கு மேற்படாமல், ஆற்றலும் 20 ஜூலுக்கு மேற்படாமல் இருக்கும் ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. 5.5 மி.மீ. குழலுக்கு இந்தச் சலுகை கிடையாது. 'பெரிய பெல்லட்டா இருந்தா நல்லா இருக்குமே' என்று கேட்டு வாங்கிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். அடையாள அட்டை கொடுத்து வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பேருந்தில் கொண்டுபோனால் பெட்டிக்குள் பூட்டியே இருக்கட்டும். தெருவில் எடுத்துக் காட்டுவது, ரீல்ஸ் போடுவதெல்லாம் வேண்டாத வம்பு. தோப்பில் கிளி, மைனா, கொக்கு என்று குறிபார்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்பவரை எந்த நல்ல ரேஞ்சிலும் சேர்க்க மாட்டார்கள்.

பழைய சாமான் வாங்கும்போது

புதிய வெளிநாட்டுப் போட்டி பிஸ்டல் லட்சங்களில் இருக்கும் என்பதால் பலரும் பழையதைத் தேடுகிறோம். நல்ல யோசனைதான். பையன் காலேஜ் சேர்ந்துவிட்டான், பீரோவில் சும்மா கிடக்கிறது என்று விற்பவர்களிடம் அருமையான சாமான் கிடைக்கும். ஆனால் ட்ரிகரையும் கைப்பிடியையும் பார்ப்பவர்கள், ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் பெல்லட்டைத் தள்ளும் காற்றுச் சிலிண்டரைப் பார்ப்பதில்லை. அதில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைப்போம். கார் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின்மேல் தயாரித்த தேதி பொறித்திருக்கும். அதிலிருந்து பத்து ஆண்டுதான் ஆயுள். போட்டியில் ஆயுதச் சோதனை செய்பவர்களும் அந்தத் தேதியைத்தான் முதலில் தேடுவார்கள். பிஸ்டல் மலிவாகக் கிடைத்து, சிலிண்டருக்கு இன்னும் எட்டு மாதம்தான் பாக்கி என்றால், புதுச் சிலிண்டரின் விலையையும் கூட்டித்தான் பேரம் பேச வேண்டும். கைப்பிடியும் அப்படித்தான்: முந்தைய உரிமையாளரின் உள்ளங்கைக்குச் செதுக்கிய மரம் உங்கள் கையில் உட்காராது. இடதுகைக்காரருடையது என்றால் எடுக்கவே வேண்டாம்.

எண்ணெய் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். தையல் மெஷினுக்குப் போடுவதுபோல நான் ஸ்பிரிங் ரைஃபிளின் காற்று வாயில் இரண்டு சொட்டு விட்டேன். அடுத்த குண்டுக்கு 'டமார்' என்று நிஜத் துப்பாக்கி மாதிரி சத்தம், குழல் வாயில் புகை. பவர் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே நடந்தது டீசல் இன்ஜினில் நடப்பது: அமுக்கிய காற்றின் சூட்டில் எண்ணெய் தீப்பிடித்து எரிகிறது. அந்த அதிர்ச்சி, காற்றுக் கசியாமல் அடைக்கும் சீலையும் ஸ்பிரிங்கையும் தின்றுவிடும். காற்றுச் சிலிண்டர் துப்பாக்கியில் இதே வேலையைச் செய்தால் விளைவு சீலோடு நிற்காது, சிலிண்டரே வெடிக்கலாம். தயாரிப்பாளர் சொன்ன இடத்தில், சொன்ன கிரீஸ் மட்டும்.

ஸ்பிரிங் ரைஃபிளில் பெல்லட் போடும்போது மடக்கிய குழலைக் கையிலிருந்து விடாதீர்கள். ட்ரிகர் தவறி விழுந்தால் குழல் சாட்டை போல மேலே வரும். இடையில் இருக்கும் விரல் தப்பாது.

மொட்டை மாடி ரேஞ்ச்

வீட்டில் பத்து மீட்டர் இருந்தால் அதிர்ஷ்டம்தான். ஆனால் சுவரில் அட்டையை ஒட்டிச் சுடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈய பெல்லட் சுவரில் பட்டுச் சப்பையாகித் திரும்பி வரும், வந்த வழியே. ஒரு மரப்பெட்டி, அதில் பழைய துணியை இறுக்கித் திணித்து, பின்னால் இரும்புத் தகடு ஒன்று: இது போதும். அதற்கும் பின்னால் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பெட்டியைத் தவறவிட்ட குண்டு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கோ துணி காயப்போடும் அம்மாவுக்கோ போகும் வாய்ப்பு இருந்தால், அந்த இடம் ரேஞ்ச் இல்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்; பத்து மீட்டருக்குள் யாரும் குறுக்கே வர வழி இருக்கக்கூடாது. இந்த மூன்றும் அமையாத வீட்டில் பெல்லட்டே வேண்டாம். அதற்குத்தான் கீழே சொல்லப்போகும் ஓசிப் பயிற்சி இருக்கிறது.

இன்னொன்று: பெல்லட்டை உதட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம். ஆசாரி ஆணியை வைத்துக்கொள்வது போல. ஆணி இரும்பு, இது ஈயம். சுட்ட கையோடு முறுக்கை எடுக்காமல் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

பத்து வராததற்குக் காரணம்

முதல் வாரத்திலேயே எல்லோரும் செய்வது: ஒரு குண்டு இடப்பக்கம் போனதும் சைட்டைத் திருகுவது. அடுத்தது வலப்பக்கம் போகும், மறுபடி திருகுவார்கள். மாலைக்குள் சைட் எங்கே இருந்தது என்றே தெரியாது. ஐந்து குண்டாவது சுட்டுவிட்டு, துளைகள் ஒரே இடத்தில் கூடுகின்றனவா என்று பாருங்கள். கூட்டம் இறுக்கமாக, ஆனால் ஓரமாக இருந்தால்தான் சைட்டில் வேலை. துளைகள் சிதறிக் கிடந்தால் வேலை உங்களிடம்.

சிதறலுக்குப் பெரிய காரணம் கை நடுக்கம் என்றே நினைப்போம். என் ரேஞ்சில் இருந்த பயிற்சியாளர் ஒருநாள் ஸ்கேலை எடுத்துக் காட்டினார். பிஸ்டலின் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. முழுக் கையும் நேராக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் மணிக்கட்டு வளைந்து, பின் சைட்டின் பள்ளத்தில் முன் சைட் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால், பத்து மீட்டரில் அது மூன்று சென்டிமீட்டர். "தம்பி, கை ஆடட்டும், அது உயிரோட இருக்கிற கை. சைட்டைப் பாருங்க, டார்கெட்டைப் பாக்காதீங்க" என்றார். முன் சைட் கத்திமுனை போலத் தெளிவாகவும், தூரத்துக் கறுப்பு வட்டம் மங்கலாகவும் தெரிய வேண்டும். கறுப்பு சைட்டைக் கறுப்பு வட்டத்தின் நடுவே வைத்தால் இரண்டும் கலந்துவிடும் என்பதால், வட்டத்துக்குக் கீழே வெள்ளையில்தான் குறி வைக்கிறோம். மனசு கேட்காமல் கண் வட்டத்துக்கு ஓடும். இதைப் பழக்குவதற்கே எனக்கு ஒரு மழைக்காலம் போனது.

அப்புறம் பிடிவாதம். கையைத் தூக்கிப் பத்து விநாடி ஆகியும் விசை விழவில்லை என்றால் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் கண்ணும் கையும் களைத்துவிடும். 'இப்ப விட்டுடு' என்று மூளை ட்ரிகரைச் சடக்கென இழுக்கும். அந்தக் குண்டு எங்கே போனது என்று பார்க்கவே வேண்டாம், ஏழாம் வளையத்துக்கு வெளியே. போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், இறக்கி வைக்க நேரம் தாராளமாகவே இருக்கிறது.

எந்தக் கண் உங்கள் முதன்மைக் கண் என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கிடையே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் மறையாமல் நிற்கிறதோ அதுதான்.

காசில்லாப் பயிற்சி

500 பெல்லட் டப்பா, நாளுக்கு 60 என்றால் எட்டு நாளைக்குத்தான் வரும். அதனால் நல்ல பெல்லட்டை விட்டு மலிவானதை எடுப்போம். பழகும்போது பரவாயில்லை, ஆனால் தட்டைத் தலைப் பெல்லட்டாகவே வாங்குங்கள். கூர்த்தலை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும், துளை எங்கே என்று சண்டை வரும்.

உண்மையான மிச்சம் பெல்லட்டே இல்லாமல் பழகுவதில் இருக்கிறது. போட்டித் துப்பாக்கிகளில் காற்றுச் செலவாகாமல் ட்ரிகரை மட்டும் அழுத்திப் பார்க்க வசதி உண்டு. உள்ளே எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, விசை விழும் கணத்தில் முன் சைட் அசைகிறதா என்று கவனியுங்கள். (ஸ்பிரிங் துப்பாக்கியில் இதைச் செய்யாதீர்கள், பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் தடுப்பின்றிப் போய் மோதும்.) துப்பாக்கியே இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய ஏர் பிஸ்டலின் எடைதான். தோள் உயரத்துக்குத் தூக்கி எட்டு விநாடி நிறுத்தி இறக்குவதை தினம் முப்பது முறை செய்த பையன்கள், புதுப் பிஸ்டலோடு வந்தவர்களை மூன்றாம் மாதத்தில் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

டார்கெட் அட்டையை ஜெராக்ஸ் எடுப்பவர்கள் ஒரு ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் தாளுக்கேற்பச் சுருக்கிவிடும். பிஸ்டல் அட்டையில் கறுப்பு வட்டம் சரியாக 59.5 மி.மீ. இருக்க வேண்டும். நான் ஐந்து மாதம் 54-இல் சுட்டுக்கொண்டிருந்தேன். ரேஞ்சுக்குப் போன அன்று அசல் அட்டை பூசணிக்காய் மாதிரி தெரிந்தது, அது வேறு விஷயம்.